கணினி நம்மூர் வந்த கதை – 17: இரண்டு ஜிபிக்குள் ஒரு நகரம்

சென்ற அத்தியாயத்தைக் காக்களூர் மேடையில் நிறுத்தியிருந்தோம். 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள். திருவள்ளூரை ஒட்டிய அந்த ஊரில்தான் முதலமைச்சர் ஜெயலலிதா விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். முதலாண்டுக்கு மட்டுமே ஒன்பது லட்சத்துக்கு மேற்பட்ட மடிக்கணினிகள். தமிழக அரசின் எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்து மாவட்டம் மாவட்டமாக அனுப்பியது. ஆந்திர எல்லையோரம், திருவள்ளூர் மாவட்டத்தின் வடமேற்கு மூலையில் இருக்கும் பள்ளிப்பட்டு வட்டாரத்து அரசுப் பள்ளிகளுக்கும் அந்த அட்டைப்பெட்டிகள் வந்து இறங்கின. பெட்டி வீட்டுக்குப் போன பிறகு நடந்ததுதான் இந்த அத்தியாயம்.

பிள்ளைகள் விளையாடினார்கள்.

பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம், அத்திமாஞ்சேரிப்பேட்டை என்று இந்தப் பக்கம் முழுக்க நெசவு ஊர்கள். 2012இல் தமிழகத்தை வாட்டிய மின்வெட்டு வாசகர்களுக்கு நினைவிருக்கும். சென்னைக்கு வெளியே ஒரு நாளில் பல மணி நேரம் கரன்ட் கிடையாது. விசைத்தறி நின்றுபோகும் அந்த நேரத்திலும் பேட்டரியில் மடிக்கணினி ஓடியது. 'வைஸ் சிட்டி', 'சான் ஆண்ட்ரியாஸ்', 'ஐஜிஐ', 'ரோட் ராஷ்' எல்லாம் பென் டிரைவில் கைக்குக் கை மாறி வந்தன. படிக்கக் கொடுத்ததில் பிள்ளைகள் விளையாடுகிறார்கள் என்ற புகார் அன்று ஊருக்கு ஊர் கேட்டது. இன்றும் அந்தத் திட்டத்தைக் குறைசொல்பவர்கள் முதலில் எடுப்பது இதைத்தான். பிறகு அந்தப் புகாருக்கு வருகிறேன். அதற்கு முன், அன்று விளையாடிய ஒவ்வொரு பையனும் பெண்ணும் கவனித்த ஒரு விஷயத்துக்கு விடை தேட வேண்டும்: அதே மடிக்கணினியில் வைஸ் சிட்டி வழுக்கிக்கொண்டு ஓடியது, அந்தக் காலத்தில் வந்த புதிய விளையாட்டைப் போட்டால் திணறியது. ஏன்?

முதலில் பெட்டிக்குள் என்ன இருந்தது என்று பார்ப்போம். 2 ஜிபி ரேம், 320 ஜிபி ஹார்டு டிஸ்க். இயங்குதளம் இரண்டு: ஒன்று விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர், மற்றொன்று சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ். ஸ்டார்ட்டர் என்பது விண்டோஸ் 7இன் மிகச் சிறிய பதிப்பு. 32 பிட் மட்டும்தான். 2 ஜிபிக்கு மேல் ரேம் போட்டாலும் அது எடுத்துக்கொள்ளாது. தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாததால் திரையில் படம் வரையத் தேவையான நினைவகமும் இதே 2 ஜிபியிலிருந்துதான் போக வேண்டும். விண்டோஸும் ஆன்டிவைரஸும் தங்கள் பங்கை எடுத்தது போக மிச்சம்தான் விளையாட்டுக்கு.

ரேமுக்கும் ஹார்டு டிஸ்க்குக்கும் உள்ள உறவைப் பள்ளிப்பட்டுப் பக்கத்தில் யாருக்கும் புதிதாக விளக்க வேண்டியதில்லை. தறியில் உட்கார்ந்திருப்பவரின் கைக்கு எட்டும் இடத்தில் ஊடை நூல் சுற்றிய தார்கள் கொஞ்சம்தான் இருக்கும். மீதி நூல் உள்ளறையில். நாடாவில் தார் தீரும்போது அடுத்தது கைப்பக்கம் இருந்தால் நெசவு தடைப்படாது. உள்ளே போய் எடுத்துவர வேண்டியிருந்தால் அதுவரை தறி நிற்கும். கைக்கு எட்டுவது ரேம். உள்ளறை ஹார்டு டிஸ்க்.

எவ்வளவு நேரம் நிற்கும் என்பதில்தான் இந்தக் கதையே இருக்கிறது. ரேமிலிருந்து ஒரு தகவலை எடுக்க ஒரு நொடியில் சுமார் கோடியில் ஒரு பங்கு போதும். அக்கால மடிக்கணினிகளில் பரவலாக இருந்த ஹார்டு டிஸ்க் நிமிடத்துக்கு 5400 முறை சுற்றும்; ஒரு சுற்றுக்கே 11 மில்லிநொடி. படிக்கும் முனை சரியான இடத்துக்கு நகர்வதையும் சேர்த்தால், எங்கோ கிடக்கும் ஒரு துண்டைத் தேடி எடுக்க ஏறக்குறைய 15 மில்லிநொடி பிடிக்கும். விளையாட்டோ நொடிக்கு 60 படங்கள் வரைய வேண்டும். ஒரு படத்துக்குக் கிடைக்கும் அவகாசம் 16.7 மில்லிநொடி. ஆக, நடு ஆட்டத்தில் ஒரே ஒரு முறை டிஸ்க்குக்கு ஓடினாலும் ஒரு படத்துக்கான நேரம் அங்கேயே போய்விடும். நாலைந்து முறை ஓடினால் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி திரை விக்கும். சம்பளப் பட்டியல் போடும் மென்பொருள் அரை நொடி தாமதித்தால் யாருக்கும் ஒன்றுமில்லை. விளையாட்டில் அந்த அரை நொடிக்குள் வண்டி சுவரில் மோதிவிடும்.

இந்தத் தட்டுப்பாடு கணினி விளையாட்டு பிறந்த நாளிலிருந்தே கூட வருகிறது. 1951இல் இங்கிலாந்தில் பள்ளி ஆசிரியராக இருந்த கிறிஸ்டோபர் ஸ்ட்ரேச்சி, கட்டத்தில் காய் வெட்டி ஆடும் டிராஃப்ட்ஸ் ஆட்டத்தைக் கணினிக்குக் கற்றுக்கொடுக்க ஒரு நிரல் எழுதினார். தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் பைலட் ஏஸ் கணினியில் ஜூலை 30 அன்று அதை ஓட்டிப் பார்த்தார். ஓடவில்லை. அந்தக் கணினியின் நினைவகம் அந்த நிரலுக்குப் போதவில்லை. மான்செஸ்டரில் இதைவிடப் பெரிய நினைவகம் கொண்ட ஃபெரான்டி கணினி இருப்பதைக் கேள்விப்பட்டு, கேம்பிரிட்ஜில் பழக்கமான ஆலன் டூரிங்கிடம் அதன் கையேட்டைக் கேட்டு வாங்கி, நிரலை முழுக்க மாற்றி எழுதினார். 1952 கோடையில் அது ஒரு முழு ஆட்டத்தையும் சுமாரான வேகத்தில் ஆடியது. உலகின் முதல் கணினி விளையாட்டுகளில் ஒன்று, ரேம் போதாமல் வேறு கணினிக்குக் குடிபெயர்ந்திருக்கிறது.

மான்செஸ்டர் கணினியிலும் இடம் தாராளமாக இல்லை. வேகமான நினைவகம் கொஞ்சம். அதற்குப் பின்னால் மெதுவான காந்த உருளை. உருளையிலிருந்து எதை எப்போது மேலே கொண்டுவருவது, எதைக் கீழே இறக்குவது என்பதை நிரல் எழுதுபவரே வரி வரியாகத் திட்டமிட வேண்டும். கணக்கைப் போடுவதைவிட இடத்தைப் பிரித்துக்கொடுப்பதே பெரிய வேலையாகிவிடும்.

மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் டாம் கில்பர்னும் அவருடைய குழுவும் இதற்கு ஒரு வழி கண்டார்கள். பள்ளிப்பட்டு, திருத்தணிப் பகுதிகள் ஆந்திரத்திலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது 1960 ஏப்ரல் 1 அன்று. அதற்கு இரண்டு ஆண்டு எட்டு மாதம் கழித்து, 1962 டிசம்பர் 7 அன்று அட்லஸ் கணினி திறப்பு விழா கண்டது. அட்லஸின் வேகமான நினைவகத்தில் 16,384 சொற்களுக்குத்தான் இடம். பின்னால் இருந்த உருளைகளில் 98,304 சொற்கள். ஆனால் நிரல் எழுதுபவருக்குப் பத்து லட்சம் சொற்கள் கொண்ட ஒரே நினைவகம் தன் முன்னால் விரிந்து கிடப்பதாகவே தோன்றும். 512 சொற்களை ஒரு பக்கம் என்று பிரித்து, தேவைப்படும் பக்கத்தை உருளையிலிருந்து மேலே கொண்டுவரும் வேலையை இயந்திரமே ஏற்றுக்கொண்டது. கேட்ட பக்கம் மேலே இல்லையென்றால் நிரல் ஒரு கணம் நிறுத்தப்படும், பக்கம் வரும், நிரல் தொடரும். நடுவில் நின்றது நிரலுக்கே தெரியாது. இதுதான் மெய்நிகர் நினைவகம். பையன்கள் விர்ச்சுவல் மெமரி என்று சொல்வது.

புதிய பக்கம் வர வேண்டுமானால் பழைய பக்கம் ஒன்று இறங்க வேண்டும். எதை இறக்குவது? அட்லஸில் இதற்கென்றே ஒரு சிறு நிரல் இருந்தது. ஒவ்வொரு பக்கமும் கடைசியாக எப்போது பயன்பட்டது, எவ்வளவு இடைவெளி விட்டு வருகிறது என்று குறித்துவைத்து, நெடுநேரம் தேவைப்படாது என்று தோன்றும் பக்கத்தை இறக்கும். அதாவது, நடந்ததைப் பார்த்து நடக்கப்போவதை ஊகிக்கும். இன்று உங்கள் கணினியில் இருக்கும் விண்டோஸும் லினக்ஸும் அடிப்படையில் செய்வது இதையேதான்.

இந்த ஊகம் எங்கே உடையும் என்பதை 1968இல் கணினி அறிவியலாளர் பீட்டர் டென்னிங் தெளிவாகச் சொன்னார். ஒரு நிரல் ஒரு குறிப்பிட்ட காலத்தில் அடிக்கடி தொடும் பக்கங்கள் ஒரு தொகுப்பாக இருக்கும். அந்தத் தொகுப்பு முழுவதும் ரேமில் அடங்கினால் எல்லாம் நலம். கொஞ்சம் பிதுங்கினாலும், இப்போது இறக்கிய பக்கமே அடுத்த நொடி வேண்டியிருக்கும். அதை ஏற்ற இன்னொன்றை இறக்க வேண்டும். அதுவும் அடுத்து வேண்டியிருக்கும். கணினி உருப்படியாக எதுவும் செய்யாமல் பக்கங்களை ஏற்றி இறக்குவதிலேயே காலம் தள்ளும். மடிக்கணினியில் ஹார்டு டிஸ்க் விளக்கு அணையாமல் எரிந்துகொண்டே இருக்க, மவுஸ் அம்புக்குறிகூட நகர மறுக்கும் அந்த நிலை எல்லோரும் பார்த்ததுதான்.

வீட்டுக் கணினிகளுக்கு மெய்நிகர் நினைவக வசதி வரப் பல ஆண்டுகள் பிடித்தன. 1984இல் இந்திய அரசு பள்ளிகளில் கணினிக் கல்வியைத் தொடங்கியபோது கொண்டுவந்த பிபிசி மைக்ரோவில் மொத்தமே 32 கேபி ரேம். உயர்ந்த தரத்தில் படம் காட்டினால் அதில் 20 கேபியைத் திரையே விழுங்கிவிடும். அதே ஆண்டு அதே கணினிக்கு டேவிட் பிராபென், இயன் பெல் என்ற இரு மாணவர்கள் எழுதிய 'எலைட்', 8 விண்மீன் மண்டலங்களையும் ஒவ்வொன்றிலும் 256 உலகங்களையும் காட்டியது. அந்த 2,048 உலகங்களில் ஒன்றுகூட நினைவகத்தில் சேமிக்கப்படவில்லை. சில எண்களை விதையாக வைத்து, தேவைப்படும்போது கணக்குப் போட்டு உலகத்தின் பெயர், அரசு, சந்தை விலை எல்லாவற்றையும் உருவாக்கிக்கொண்டார்கள். டிஸ்க்கில் வந்த பதிப்பில் விண்கலம் நிலையத்துக்குள் நுழையும்போது பறப்பதற்கான நிரல் இறங்கி, வணிகத்துக்கான நிரல் ஏறும். மெய்நிகர் நினைவகம் இல்லாத இயந்திரத்தில் அந்த வேலையை மனிதர்கள் கையால் செய்தார்கள்.

இந்தக் கைவேலையில் எனக்கு மிகப் பிடித்தது 'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா'. தமிழ்நாட்டில் தொண்ணூறுகளில் கணினிப் பயிற்சி மையத்தில் கால்வைத்தவர்கள் எல்லோரும் அந்த இளவரசனை ஓடவிட்டிருப்பார்கள். ஜோர்டன் மெக்னர் 1989இல் ஆப்பிள் 2 கணினிக்காக அதை எழுதினார். தன் தம்பி ஓடுவதையும் குதிப்பதையும் வீடியோ எடுத்து, ஒவ்வொரு அசைவையும் படம் படமாக வரைந்தார். இளவரசனின் உடலசைவு அவ்வளவு உயிரோட்டமாக இருந்ததற்கு அதுவே காரணம். நினைவகம் நிரம்பியதற்கும் அதுவே காரணம். எதிராளி என்று இன்னொரு உருவத்தை வரைந்து வைக்க இடமே மிஞ்சவில்லை. அப்போதுதான் ஒரு வழி பிறந்தது. இளவரசனின் படத்தையே எடுத்து, ஒரு பிட் தள்ளி, அதன் மீதே பொருத்தி, வேறுபடும் புள்ளிகளை மட்டும் வரைந்தால் மினுங்கும் நிழலுருவம் ஒன்று கிடைக்கும். கூடுதல் நினைவகம் தேவையில்லை. நாலாவது கட்டத்தில் இளவரசன் கண்ணாடிக்குள் பாய்ந்து மறுபக்கம் போகும்போது அதிலிருந்து எதிர்ப்பக்கமாக ஓடிவரும் நிழல் மனிதன் அப்படிப் பிறந்தவன். அடுத்த கட்டத்தில் மருந்துக் குப்பியை நமக்கு முன்னால் குடித்துவிட்டுப் போவான். கடைசியில் அவனோடு வாள்வீசினால் நாமே சாவோம். வாளை உறையில் போட்டால்தான் இருவரும் ஒன்றாவோம். அந்த விளையாட்டை ஆடிய யாரும் மறக்காத பாத்திரம் அது. ரேம் போதாததால் வந்த பாத்திரம்.

இதற்கிடையே 1985இல் இன்டெல் 386 சில்லு வந்திருந்தது. 4 கேபி பக்கங்களாக நினைவகத்தைப் பிரிக்கும் திறன், அதாவது அட்லஸின் வித்தை, மேசைக் கணினிக்குள் வந்துவிட்டது. ஆனால் அதன் மேல் ஓடிய டாஸ் அதைப் பயன்படுத்தவில்லை. 4 எம்பி ரேம் இருந்தாலும் டாஸ் நிரல்களுக்கு நேரடியாகக் கிடைத்தது 640 கேபிதான். ஒரு விளையாட்டு தொடங்குவதற்காக கான்ஃபிக்.சிஸ் கோப்பைத் திருத்தித் திருத்தி ஒவ்வொரு கேபியாக மீட்டவர்கள் அந்தத் தலைமுறை.

1993 டிசம்பர் 10 அன்று வெளியான 'டூம்', டாஸின் வேலியைத் தாண்டி முழு 4 எம்பியையும் எடுத்துக்கொண்டது. அதற்குள்ளேயும் ஒழுங்கு பார்த்தது. அதன் நிரலை 1997 டிசம்பரில் வெளிப்படையாகத் தந்துவிட்டதால் யார் வேண்டுமானாலும் படித்துப் பார்க்கலாம். தொடங்கும்போதே நினைவகத்தில் ஒரு பெரிய பகுதியை மொத்தமாக வாங்கிவிடும். உள்ளே வைக்கும் ஒவ்வொன்றுக்கும் ஒரு குறி: இது கடைசிவரை வேண்டும், இது இந்தக் கட்டம் முடியும்வரை வேண்டும், இது இடம் போதாவிட்டால் எப்போது வேண்டுமானாலும் தூக்கிப்போடத் தக்கது. எது எவ்வளவு காலம் வேண்டும் என்பது விளையாட்டை எழுதியவருக்குத் தெரியும். இயங்குதளத்துக்குத் தெரியாது. மெய்நிகர் நினைவகம் கைக்கு வந்த பிறகும் விளையாட்டு எழுதுபவர்கள் அதை முழுதாக நம்பி இருந்துவிடாததன் காரணம் இந்த ஒரு வரிக்குள் இருக்கிறது.

இனி வைஸ் சிட்டிக்கு வருவோம். அதற்கு முந்தைய 'ஜிடிஏ 3' 2001இல் பிளேஸ்டேஷன் 2க்காக எழுதப்பட்டது. அந்தப் பெட்டியில் 32 எம்பி ரேம்தான். ஹார்டு டிஸ்க்கே கிடையாது, சுழலும் டிவிடி மட்டும். ஒரு நகரம் முழுவதும் 32 எம்பிக்குள் அடங்காது. எனவே ஆடம் ஃபவுலர் என்ற நிரலாளர், வண்டி ஓடும் திசையில் வரப்போகும் கட்டடங்களை டிவிடியிலிருந்து முன்கூட்டியே எடுத்து, பின்னால் போய்விட்டவற்றை இறக்கும் ஏற்பாட்டைச் செய்தார். டிவிடி அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் தடுமாறியதையும், அதற்காகச் செய்தவற்றையும் விளையாட்டை உருவாக்கிய நிறுவனத்தில் தொழில்நுட்ப இயக்குநராக இருந்த ஓபே ஃபெர்மைய் பிற்பாடு வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். நெருக்கமான பகுதிகளுக்கு இடையே வண்டி விரைந்து போய்விடாதபடி சாலை அமைப்பையே மாற்றினார்களாம். ஓரிடத்தில் காற்றுத்தடையைச் சற்றே கூட்டி வண்டியை மெதுவாக்கினார்களாம். அந்தத் தெருக்களின் வளைவில் டிவிடியின் வேகமும் கலந்திருக்கிறது.

வைஸ் சிட்டி இந்த ஏற்பாட்டின் மேல் எழுந்தது. கிழக்குத் தீவிலிருந்து பாலம் ஏறி மேற்குத் தீவுக்குப் போகும்போது திரை ஒரு கணம் நின்று வரவேற்புப் படம் வருமே, அங்கேதான் ஒரு தீவின் விவரங்கள் இறங்கி மறு தீவின் விவரங்கள் ஏறின. கணினிப் பதிப்புக்கு அவர்கள் கேட்ட குறைந்தபட்ச ரேம் 128 எம்பி. அரசு மடிக்கணினியில் இருந்தது அதைப்போல் 16 மடங்கு. 32 எம்பிக்குள் வாழப் பழகிய நகரம் 2 ஜிபிக்குள் தாராளமாகக் கால்நீட்டிக்கொண்டது. அடுத்து வந்த சான் ஆண்ட்ரியாஸ் மூன்று நகரங்களையும் இடையில் பாலைவனத்தையும் மலையையும் வைத்து, பாலத்து இடைநிறுத்தம்கூட இல்லாமல் ஓடியது.

திணறிய விளையாட்டுக்கு ஓர் எடுத்துக்காட்டு வேண்டுமென்றால், காக்களூர் விழாவுக்கு இரண்டு மாதம் கழித்து, 2011 நவம்பர் 11 அன்று வெளியான 'ஸ்கைரிம்'. அது கேட்ட குறைந்தபட்ச ரேமே 2 ஜிபி. இருப்பது மொத்தமே 2 ஜிபி எனும்போது விண்டோஸ் எங்கே போகும்? ஆகவே பக்கங்கள் ஹார்டு டிஸ்க்குக்கு இறங்கும், ஏறும், டென்னிங் சொன்ன கதை நடக்கும்.

அதில் இன்னொரு சிக்கலும் இருந்தது. மெய்நிகர் நினைவகம் என்றால் ஹார்டு டிஸ்க்கில் ஒதுக்கும் இடம் என்றே பலர் நினைக்கிறார்கள். அது பாதிதான். ஒவ்வொரு நிரலுக்கும் இயங்குதளம் கொடுக்கும் முகவரி எண்களின் வரிசைதான் அதன் முதல் பாதி. 32 பிட் விண்டோஸில் ஒரு நிரலுக்கு வழக்கமாகக் கிடைக்கும் முகவரிகள் 2 ஜிபி அளவுக்குத்தான். 64 பிட் விண்டோஸில் 8 ஜிபி ரேம் வைத்திருந்தவர்களுக்கும், 32 பிட் நிரலான ஸ்கைரிம் நடுவில் மூடிக்கொண்டது. ரேம் காலியாகவே இருந்தது, முகவரிதான் தீர்ந்துபோனது. அந்த டிசம்பரிலேயே, 64 பிட் விண்டோஸில் 4 ஜிபிவரை முகவரி கிடைக்கும்படி ஒரு திருத்தம் வெளியிட்டுத்தான் இதைச் சரிசெய்தார்கள்.

இப்போது அந்தப் புகார். விளையாட்டு திணறியபோது இந்தப் பிள்ளைகள் சும்மா இருக்கவில்லை. கம்ப்யூட்டர் படத்தில் வலது கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸ் போய், அட்வான்ஸ்டு போய், விர்ச்சுவல் மெமரி என்ற பெட்டியைத் திறந்தார்கள். ரேமைப்போல் ஒன்றரை மடங்கு வைக்க வேண்டும் என்று யாரோ சொல்ல, எண்களை மாற்றிப் பார்த்தார்கள். பென் டிரைவைச் செருகி ரெடிபூஸ்ட் போட்டார்கள். டாஸ்க் மேனேஜரில் கமிட் என்ற வரியில் சாய்கோட்டின் இரு பக்கமும் இருக்கும் இரண்டு எண்களைப் பார்த்தார்கள்: முதல் எண் நிரல்களுக்கெல்லாம் விண்டோஸ் வாக்குக்கொடுத்த நினைவகம், அடுத்தது ரேமும் ஹார்டு டிஸ்க்கில் ஒதுக்கிய பேஜ் ஃபைலும் சேர்ந்து அது கொடுக்க முடிந்த எல்லை. பேஜ் ஃபைலை அணைத்துவிட்டால் வேகம் கூடும் என்ற பேச்சை நம்பி அணைத்தவர்களும் உண்டு. எல்லை சுருங்கியதும் விளையாட்டு பாதியில் மூடிக்கொண்டது. ஏனென்றால் விளையாட்டுகள் உடனே தொடாத நினைவகத்தையும் முன்கூட்டியே கேட்டு வைக்கும். தொட்டாலும் தொடாவிட்டாலும் விண்டோஸ் அதைக் கணக்கில் சேர்க்கும். அதே மடிக்கணினியில் பாஸ் லினக்ஸுக்குப் போனால் நடைமுறை வேறு. லினக்ஸ் கேட்டவருக்கெல்லாம் தாராளமாக வாக்குக் கொடுத்துவிட்டு, உண்மையிலேயே இடம் தீர்ந்தால் ஏதாவது ஒரு நிரலைத் தேர்ந்தெடுத்து நிறுத்திவிடும்.

பொறியியல் கல்லூரியில் இயங்குதளம் என்ற பாடத்தில் பக்கம், பக்கப் பிழை, பக்க மாற்றம் என்று ஒரு பகுதியே நடத்துவார்கள். தறி ஓட்டும் வீட்டில், அதுவரை கணினியே நுழையாத வீட்டில், பதினேழு வயதில் அந்தப் பெட்டியைத் திறந்து எண்ணை மாற்றி, விளைவைக் கண்ணால் பார்த்தவருக்கு அந்தப் பாடம் புரியாமல் போகாது. விளையாட்டுக்காகத்தான் திறந்தார்கள். அதனால் அது கல்வி இல்லை என்று ஆகிவிடாது. ஸ்ட்ரேச்சியும் டிராஃப்ட்ஸ் ஆடத்தான் டூரிங்கிடம் கையேடு கேட்டார். அந்த மடிக்கணினிகளுக்குச் செலவான பணத்தில் வீண் என்று நான் எதையாவது சொல்வேன் என்றால், பூட்டி வைத்துக் கெட்டுப்போனவற்றை மட்டுமே சொல்வேன்.

அதன் பிறகு வேகம் மாறியது. சுழலும் தட்டு போய் எஸ்எஸ்டி வந்தது. 2020 மார்ச்சில் பிளேஸ்டேஷன் 5ஐ விளக்கிய அதன் வடிவமைப்பாளர் மார்க் செர்னி ஒரு விவரம் சொன்னார். 2018இல் வந்த 'ஸ்பைடர்மேன்' விளையாட்டில் தெருமுனைத் தபால்பெட்டி போன்ற சில பொருள்களின் தகவல் ஹார்டு டிஸ்க்கில் 400 முறை திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருந்தது. நகரத்தின் எந்தப் பகுதியை எடுத்தாலும் தபால்பெட்டியைத் தேடி முனை வேறிடத்துக்கு ஓடக்கூடாது என்பதற்காக. நினைவகத்தில் அடுத்த 30 நொடி ஆட்டத்துக்கு வேண்டியதையெல்லாம் முன்கூட்டியே வைத்திருக்க வேண்டியிருந்தது. எஸ்எஸ்டி வந்தபின் அடுத்த ஒரு நொடிக்கானது இருந்தால் போதும் என்றார். இயங்குதளம் பின்னால் திரும்பிப் பார்த்து ஊகிக்கிறது, விளையாட்டு முன்னால் பார்த்து எடுத்துவைக்கிறது. இந்த வேறுபாடு இன்றும் அப்படியே இருக்கிறது. எவ்வளவு தூரம் முன்னால் பார்க்க வேண்டும் என்பதுதான் சுருங்கியிருக்கிறது.

பள்ளிப்பட்டில் இன்று பிள்ளைகள் விளையாடுவது பெரும்பாலும் போனில்தான். ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் ஆடிக்கொண்டிருக்கும்போது வாட்ஸ்அப் பார்க்கப் போய்த் திரும்பினால் ஆட்டம் முதலிலிருந்து தொடங்குகிறதே, அதற்கும் காரணம் இதே நினைவகம். ஆண்ட்ராய்டு, பக்கங்களைச் சேமிப்பகத்துக்கு இறக்குவதைவிட ரேமிலேயே சுருக்கி அடைத்து வைக்கத்தான் முதலில் பார்க்கும். அதுவும் போதாவிட்டால் பின்னணியில் இருக்கும் செயலியை நிறுத்திவிடும். ரேம் குறைந்த போனில் நிற்பது பெரும்பாலும் அந்த விளையாட்டுதான், ஏனென்றால் அதிக இடம் பிடித்திருப்பது அதுதான்.

இதைச் சாக்காக வைத்துக் கடைகளில் '8+8 ஜிபி ரேம்' என்று எழுதிய போன்கள் வந்திருக்கின்றன. கூட்டல் குறிக்குப் பின்னால் இருக்கும் 8, ரேம் இல்லை. போனின் சேமிப்பகத்தில் ஒதுக்கிய இடம். அட்லஸின் பின்னால் இருந்த உருளைக்கு இன்றைய வடிவம். பின்னணியில் நாலு செயலிகள் கூடுதலாக உயிரோடு இருக்க அது உதவும். ஆடிக்கொண்டிருக்கும் விளையாட்டு நொடிக்கு 60 முறை தொடும் தகவலை அங்கே வைத்தால் ஆட்டம் விக்கும். பிள்ளைக்குப் போன் வாங்கப் போகிறவர்கள் அந்த எண்ணுக்காக ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம். கூட்டல் குறிக்கு முன்னால் இருக்கும் எண்ணை மட்டும் பார்த்து விலை பேசுங்கள்.

(தொடரும்)